அணையில் கூடிய 9 சென்டிமீட்டர்

முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிய தகவல் பட்டியல்களில் இரண்டு எண்கள் திரும்பத் திரும்ப வரும். நீளம் 365.85 மீட்டர், அடித்தளத்திலிருந்து உயரம் 53.66 மீட்டர். பக்கத்திலேயே 1200 அடி, 176 அடி என்றும் போட்டிருக்கும். இவற்றில் எது மூலம், எது நகல் என்று யோசிக்க அதிக நேரம் தேவையில்லை. 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அந்த அணையில் மீட்டருக்கு வேலையே இருக்கவில்லை. வரைபடம், ஒப்பந்தம், சுண்ணாம்புச் சுர்க்கிக் கணக்கு எல்லாமே அடியிலும் அங்குலத்திலும்தான் ஓடின. மீட்டர் எண்கள் பிற்காலத்தில் யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து மாற்றி எழுதியவை.

அந்த மாற்றத்தை நாமும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். ஓர் அடி என்பது 0.3048 மீட்டர். 1200-ஐ 0.3048-ஆல் பெருக்கினால் 365.76 மீட்டர் வருகிறது. பட்டியலில் இருப்பதோ 365.85. அணை 9 சென்டிமீட்டர் நீண்டுவிட்டது. உயரத்தைப் பார்த்தால் 176 அடி என்பது 53.64 மீட்டர், பட்டியலில் 53.66. அங்கேயும் கொஞ்சம் கூடுதல்.

இது கைதவறி எழுதிய பிழையாக இருந்தால் இரண்டு எண்களும் ஒரே விகிதத்தில் தவறியிருக்காது. 1200-ஐ 3.28-ஆல் வகுத்துப் பாருங்கள். 365.85. 176-ஐ 3.28-ஆல் வகுங்கள். 53.66. பூட்டு திறந்துவிட்டது. மாற்றி எழுதியவர் 'ஒரு மீட்டருக்கு 3.28 அடி' என்று நாம் எல்லோரும் பள்ளியில் படித்த எண்ணைக் கையில் வைத்திருந்திருக்கிறார். உண்மையான எண் 3.28084. பின்னால் வரும் 084-ஐ விட்டுவிட்டால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 26 சென்டிமீட்டர் கூடும். கால்குலேட்டர் இல்லாத காலத்தில், சிலைடு ரூல் வைத்துக் கணக்குப் போட்ட பொறியாளருக்கு மூன்று இலக்கமே தாராளம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவர் விட்டுச்சென்ற தடத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்.

முல்லைப் பெரியாறு அணை நிற்கும் அதே இடுக்கி மாவட்டத்தில், குறவன் குறத்தி மலைகளுக்கு நடுவே நிற்கும் இடுக்கி வளைவு அணைக்கும் நீளம் 365.85 மீட்டர் என்றே பதிவாகியிருக்கிறது. எண்பது ஆண்டு இடைவெளியில் எழுந்த இரண்டு அணைகள் சென்டிமீட்டர் பிசகாமல் ஒரே நீளத்தில் அமைந்தது எப்படி? இரண்டுமே 1200 அடி என்ற முழு எண்ணிலிருந்து, 3.28 என்ற ஒரே வாசல் வழியாக மீட்டருக்குள் நுழைந்தவை என்பதுதான் பொருந்தும் விளக்கம். இதில் இன்னொரு சுவாரசியம் உண்டு. இடுக்கியின் முழு நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 2403 அடி, மீட்டரில் 732.43 என்று எழுதுகிறார்கள். இது 0.3048-ஆல் பெருக்கியதில் சரியாக வரும் எண். 3.28-ஆல் வகுத்திருந்தால் 732.62 என்று வந்திருக்கும். ஆக, ஒரே அணையின் பட்டியலில் ஒரு வரி ஒரு கையால் மாற்றப்பட்டிருக்கிறது, அடுத்த வரி வேறொரு கையால்.

9 சென்டிமீட்டரால் அணைக்கு ஏதாவது ஆபத்தா? இல்லவே இல்லை. 1200 அடி என்பதே அருகிலுள்ள அடிக்கு முழுமையாக்கிய எண்ணாக இருந்தால், அதிலேயே அரை அடி இப்படியும் அப்படியும் இருக்க இடமுண்டு. அரை அடி என்றால் 15 சென்டிமீட்டர். அதற்குள் இந்த 9 அடங்கிவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 365.85 என்று இரண்டு தசம இடத்தோடு எழுதியதும், யாரோ சென்டிமீட்டர் வரை அளந்து வைத்ததுபோல் அந்த எண்ணுக்கு ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது. அடுத்து வருபவர் அதை நம்பி, சரியான காரணியால் மறுபடி அடிக்கு மாற்றுகிறார். 1200.3 அடி என்று வருகிறது. இப்போது அணை அடியிலேயே வளர்ந்துவிட்டது. இப்படி 1200.3 என்று அச்சான பதிவுகளும் இருக்கின்றன. மூலத்தில் இல்லாத ஒரு துல்லியம், மாற்றத்தின் வழியில் பிறந்து, உண்மையாகவே நடமாடத் தொடங்குகிறது. '1200 அடி, அதாவது சுமார் 366 மீட்டர்' என்று எழுதியிருந்தால் இந்த வம்பு எதுவும் இல்லை.

ஓர் அடி என்பது 0.3048 மீட்டர் என்று மேலே சொன்னேன். இன்றைக்கு அது உண்மை. 1959-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா உள்ளிட்ட ஆறு நாடுகள் கூடி, ஒரு கஜம் சரியாக 0.9144 மீட்டர் என்று முடிவு செய்தன. அதற்கு முன்னால் அடி என்பது ஓர் உலோகப் பட்டை. எந்த ஊர்ப் பட்டை என்று கேட்டால்தான் அதன் நீளம் தெரியும்.

இந்தியாவின் அடி எங்கே தொடங்கியது என்று தேடினால் சென்னைக்குப் போக வேண்டும். 1802-இல் பரங்கிமலைக்கு அருகே நில அளவையாளர் வில்லியம் லாம்டன் தன் முதல் அடிக்கோட்டை அளந்தார். கையில் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோகப்பட்டு, அங்கே ஏற்கப்படாமல், கல்கத்தா வழியாக அவரிடம் வந்து சேர்ந்த சங்கிலி அது. அதைத் தரையில் இழுத்துப்போட்டு அளக்கவில்லை. முக்காலிகள்மேல் மரப்பெட்டிகளை வரிசையாக வைத்து, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்து அளந்தார்கள். வெப்பமானி ஏன்? எஃகு பத்து டிகிரி செல்சியஸ் சூடேறினால் 100 அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர் நீளும். காலையில் அளந்த சங்கிலியும் மதியம் அளந்த சங்கிலியும் ஒன்றல்ல. ஏழரை மைல் நீளக் கோட்டில் இது சங்கிலிக்குச் சங்கிலி கூடிக்கொண்டே போகும். இந்த அளவீடு பின்னர் மேற்குக் கரைவரை முக்கோணம் முக்கோணமாக நீண்டது. கோயம்புத்தூர் வட்டாரத்திலும், பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே, சரிபார்ப்பதற்காக ஓர் அடிக்கோட்டை அளந்தார்கள்.

லாம்டனுக்குப் பின் வந்த எவரெஸ்ட், 10 அடி இரும்புப் பட்டை ஒன்றை இந்தியாவின் மூல அளவாக வைத்தார். 1860-களில் கிளார்க் என்பவர் இங்கிலாந்தில் அந்தப் பட்டையை பிரிட்டனின் பட்டையோடு ஒப்பிட்டார். இந்திய அடி, பிரிட்டன் அடியில் 0.99999566 பங்குதான் என்று தெரிந்தது. பத்து லட்சத்தில் நான்கு பங்கு குட்டை. ஓர் அடிக்கு இது முடியின் தடிமனில் நூற்றில் சில பங்குதான். யாருக்கு என்ன கவலை என்று தோன்றும்.

கவலைப்பட வேண்டியது பூமியின் ஆரத்தை அளந்தவர்கள். எவரெஸ்ட் 1830-இல் கணக்கிட்ட பூமியின் நடுவரை ஆரம் 2,09,22,931.80 இந்திய அடி. இந்த எண் மாறவே இல்லை. ஆனால் 1937-இல் ஓர் இந்திய அடி 0.30479841 மீட்டர் என்று வைத்து மாற்றியபோது ஆரம் 63,77,276.345 மீட்டராக வந்தது. மெட்ரிக் முறைக்கு மாறிய பிறகு இந்தியாவில் 0.3047995 என்று வைத்தார்கள், ஆரம் 63,77,299.151 மீட்டர். பாகிஸ்தானில் 0.3047996; ஆரம் 63,77,301.243 மீட்டர். அதே மலைகள், அதே கணக்கு, அதே அடி எண்ணிக்கை. காரணியின் ஆறாவது தசமத்தில் தொடங்கும் வேறுபாட்டால் பூமி கிட்டத்தட்ட 25 மீட்டர் பருத்துவிட்டது. இன்றைக்கும் பழைய நிலப்படத்தைக் கணினியில் ஏற்றுபவர்கள், எந்த எவரெஸ்ட் என்று முதலில் கேட்பது இதனால்தான். தவறான எவரெஸ்டைத் தேர்ந்தெடுத்தால் எல்லைக்கோடு படத்தில் நகர்ந்து நிற்கும்.

இன்னொரு கேள்வி, எங்கிருந்து அளந்தோம் என்பது. மழைக்காலத்தில் தேனி, கம்பம் பக்கம் டீக்கடைப் பேச்சே முல்லைப் பெரியாற்றின் நீர்மட்டம் '142 தொட்டுடுச்சா' என்பதுதான். மலைக்கு அந்தப்புறம் இடுக்கியில், 2018 ஆகஸ்டில் செறுதோணி மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறந்த நாள்களில், 2398, 2399 என்று ஒவ்வோர் அடியையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒரே பெரியாறு, ஒரே அடி. ஓர் இடத்தில் 142, அடுத்த இடத்தில் 2400. முல்லைப் பெரியாற்றின் பூச்சியம் அணை நிற்கும் இடத்தில் ஆற்றுப் படுகையின் ஆழமான புள்ளி. இடுக்கியின் பூச்சியம் கடல்மட்டம். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து, 'அங்கே 2400 அடி தண்ணீர் நிற்கிறதாம்' என்று மிரள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அணையின் உயரமே 550 அடி சொச்சம்தான்.

அந்தக் கடல்மட்டமும் ஒரு முடிவுதான், தானாக அமைந்த ஒன்று அல்ல. கடல் ஒவ்வொரு துறைமுகத்திலும் கொஞ்சம் வேறு வேறு உயரத்தில் நிற்கிறது. 1909-இல் முடிந்த மட்டக் கணக்கில், கராச்சி முதல் விசாகப்பட்டினம் தாண்டி ஒடிசாக் கரை வரை ஒன்பது அலைமானி நிலையங்களின் சராசரி நீர்மட்டத்தைப் பூச்சியமாகக் கட்டிவைத்தார்கள். அவற்றில் பேப்பூரும் கொச்சியும் நாகப்பட்டினமும் உண்டு. இடுக்கியின் 2403 அடிக்குப் பின்னால் இந்த ஒன்பது துறைகளின் அலைகள் இருக்கின்றன.

முல்லைப் பெரியாற்றின் அடிக்கு இன்னொரு பலம் உண்டு. 1886-இல் திருவிதாங்கூர் மகாராஜாவும் ஆங்கிலேய அரசும் செய்துகொண்ட குத்தகை 999 ஆண்டுக்கு. எந்த நிலம் குத்தகையில் அடங்கும் என்பதை, ஆற்றுப் படுகையின் ஆழமான புள்ளியிலிருந்து 155 அடி உயரக் கோடு என்று அந்தப் பத்திரம் வரையறுக்கிறது. அந்தக் கோட்டுக்குள் சுமார் 8000 ஏக்கர்; ஏக்கருக்கு 5 ரூபாய். 1970-இல் அது 30 ரூபாயாகக் கூடியது. உச்ச நீதிமன்றம் 2006-இலும் 2014-இலும் தண்ணீர் தேக்க அனுமதித்ததும் 142 அடி வரை என்றுதான். நாட்டில் மெட்ரிக் சட்டம் 1956-இலேயே வந்துவிட்டாலும், இந்தக் காகிதம் உயிரோடு இருக்கும் வரை, அதாவது 2880-கள் வரை, அடியும் உயிரோடு இருக்கும். 142 அடியை 3.28-ஆல் வகுத்தால் 43.29 மீட்டர், சரியாக மாற்றினால் 43.28. ஒரு சென்டிமீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது. ஓர் ஏக்கர் பரப்பில் அந்த ஒரு சென்டிமீட்டர் சொச்சம் தண்ணீர் என்பது கிட்டத்தட்ட 45,000 லிட்டர். நீர்பரப்போ ஆயிரக்கணக்கான ஏக்கர்.

இதுவரை பார்த்தது அரசாங்கம் வைத்திருந்த அளவுகளை. மக்கள் கையில் இருந்தவை இவற்றைவிடச் சிக்கலானவை, இவற்றைவிட அழகானவையும்கூட.

இந்தத் தமிழ்நாடு–கேரள எல்லைப் பகுதியின் நில வரலாற்றைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் பாலக்காடு, மதராஸ் மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்திலுள்ள சித்தூர், பழைய கொச்சி ராஜ்யத்தின் வட்டம். கிழக்கே கோபாலபுரம், வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். தெற்கே மலைமேல் தேவிகுளமும் பீர்மேடும் உடும்பன்சோலையும் பழைய திருவிதாங்கூர். ஆக நான்கு வட்டாரங்கள், நான்கு பழக்கங்கள். அவற்றுக்கிடையே மரம் போனது, நெல் போனது, ஏலக்காய் போனது, பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். ஓரிடத்துச் சொல் மறு இடத்தில் வேறு நீளமாக இருந்தது.

விரலை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூர்ப் பூக்கடையில் 2 சாண் சேர்ந்தால் ஒரு முழம். ஒரு சாணுக்கு 12 விரல், முழத்துக்கு 24 விரல். முழம் ஒன்றரை அடி என்று வைத்தால் ஒரு விரல் 1.9 சென்டிமீட்டர். கொழிஞ்சாம்பாறையில் வீடு கட்டும் ஆசாரியின் கையிலுள்ள கோலுக்கும் 24 விரல்தான். ஆனால் அந்தக் கோல் இன்றைய வழக்கில் 72 சென்டிமீட்டர். அவருடைய விரல் 3 சென்டிமீட்டர். இரண்டு பேருமே 'இருபத்து நாலு விரல்' என்கிறார்கள், இரண்டு பேருமே சரியாகத்தான் சொல்கிறார்கள். நடுவில் நிற்பவர் எந்த விரல் என்று கேட்காமல் மாற்றினால் பொருள் பாதிக்கு மேல் பெருகியோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியோ போகும்.

தச்சுக்கோலிலேயே எட்டு வகை உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் திருமங்கலத்து நீலகண்டன் மூஸ்ஸது எழுதிய மனுஷ்யாலய சந்திரிகை என்ற நூல் 24 விரல் கோலில் தொடங்கி 31 விரல் கோல் வரை எண்ணுகிறது. ஒரு விரலுக்கு எட்டு யவம். யவம் என்பது பார்லி மணியின் குறுக்களவு. இங்கிலாந்திலும் பழங்காலத்தில் மூன்று பார்லி மணியை நீளவாக்கில் வைத்து ஓர் அங்குலம் என்றார்கள். கடல் கடந்து இரண்டு சமூகங்கள், சொல்லிவைத்ததுபோல் ஒரே தானியத்தைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. உடம்பு ஆளுக்கு ஆள் மாறும், தானியம் அவ்வளவு மாறாது என்பது இரண்டு இடத்திலும் புரிந்திருக்கிறது.

ஆசாரியின் கணக்கில் ஒரு பகுதியைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வீட்டின் சுற்றளவைக் கோலில் எடுத்து, மூன்றால் பெருக்கி, எட்டால் வகுத்து, மீதியைப் பார்ப்பார். அதற்கு யோனி என்று பெயர். மீதி 1 வந்தால் த்வஜம், 3 சிம்மம், 5 விருஷபம், 7 கஜம். இரட்டைப்படை மீதியைத் தள்ளிவிடுவார். மூன்றால் ஏன் பெருக்க வேண்டும்? எட்டு விரல் ஒரு பதம். ஒரு கோலில் மூன்று பதம். ஆக அவர் செய்வது சுற்றளவைப் பதத்தில் எண்ணி எட்டால் வகுப்பதுதான். கணிதத்தில் இதை மட்டெண் கணக்கு என்போம். 35 கோல் சுற்றளவு என்றால் 105 பதம். எட்டால் வகுத்தால் 13 போக மீதி 1. த்வஜ யோனி, ஆசாரிக்குத் திருப்தி.

இப்போது பொறியாளர் வருகிறார். 35 கோல் என்பது 25 மீட்டர் 20 சென்டிமீட்டர். அடிக்கணக்கில் 82 அடி 8 அங்குலம், மூன்று மில்லிமீட்டர் சொச்சம் மட்டும் கூட. 82 அடி 8 அங்குலம் என்று வரைந்தால் விடுபடுவது ஒரு யவத்துக்கும் குறைவு, ஆசாரி கண்டுகொள்ளமாட்டார். 'சுலபமாக 83 அடி ஆக்கிவிடலாம்' என்று முழுமையாக்கினால் சுற்றளவு 10 சென்டிமீட்டர் அளவுக்குக் கூடிவிடும். பதக் கணக்கு 105.4 ஆகி, முழு எண்ணாகவே இருக்காது. யோனியால் வீட்டுக்கு நல்லது கெட்டது வரும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்த முறைக்குள் இருக்கும் கட்டுப்பாட்டை மதிக்கிறேன். உத்தரமும் கழுக்கோலும் தனித்தனி இடத்தில் செதுக்கப்பட்டு, கடைசியில் ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய மரவேலையில், எல்லா அளவும் ஒரே அலகின் முழு எண்ணாக இருப்பது எவ்வளவு பெரிய வசதி! கோலை அடியாக்கி, அடியை மீட்டராக்கி, ஒவ்வொரு படியிலும் முழுமையாக்கினால் அந்த வசதி காணாமல் போகும். மாற்ற வேண்டுமென்றால் ஒரே தாவலில் மாற்ற வேண்டும், முழுமையாக்குவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

நீண்ட தொலைவுகளுக்கு வந்தால் நிலைமை இன்னும் தளர்ச்சி. பாலக்காட்டுக் கணவாயை நோக்கிப் போன பழைய இராசகேசரிப் பெருவழியின் கல்வெட்டு கோவைக்கு மேற்கே இருக்கிறது. அத்தகைய பெருவழிகளில் தொலைவு காதத்தில் சொல்லப்பட்டது. தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்களில் காதத்தை எழுத்தில் வெட்டியதோடு, படிக்கத் தெரியாதவருக்காகப் பத்துக்குப் பெரிய குழியும் ஒன்றுக்குச் சிறிய குழியுமாகக் குடைந்திருக்கிறார்கள். காதத்தை எத்தனை கிலோமீட்டர் என்று ஒற்றை எண்ணால் மாற்றுவது வீண்வேலை. காதம் என்பது நடையும் பொழுதும் சேர்ந்த அளவு. மேட்டில் ஒன்று, சமவெளியில் ஒன்று. கல் நின்ற இடமும் அது சொல்லும் ஊரும் தெரிந்தால், நிலத்தில் அளந்து அந்த வழியின் காதம் எவ்வளவு என்று கண்டுபிடிக்கலாம். அதை வேறு வழிக்குத் தூக்கிப் போய் ஒட்டக் கூடாது.

நீளத்தில் விழும் சிறு பிழை பரப்பில் இரு மடங்காகும், கன அளவில் மும்மடங்காகும். கோலில் நூற்றுக்கு ஒன்று பிசகினால் நிலத்தில் நூற்றுக்கு இரண்டு, தண்ணீரில் நூற்றுக்கு மூன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் எத்தனை சாண் கோலால் அளந்தது என்பதைக் குறித்துவைத்தது இதனால்தான். 16 சாண் கோல் என்றால் ஏறத்தாழ 12 அடி. அதன் சதுரம் 144 சதுர அடி, ஒரு குழி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி; வேலி 6.6 ஏக்கர். கோலைச் சொல்லாமல் குழியை மட்டும் சொல்லியிருந்தால் இந்தக் கணக்கை இன்று நாம் போட முடியாது.

இன்றைய சென்ட்டும் ஒரு சங்கிலியின் பேரப்பிள்ளைதான். 1620 வாக்கில் இங்கிலாந்தில் கன்டர் வகுத்த சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அதில் நூறில் ஒன்று சென்ட், 435.6 சதுர அடி. சித்தூரிலும் மூணாறிலும் வாயால் பேசுவது சென்ட், வரி ரசீதில் இருப்பது ஆர். ஓர் ஆர் என்றால் 2.471 சென்ட். வாய்க்கணக்காக இரண்டரை என்று வைத்தால், 10 சென்ட் வீட்டுமனை 4 ஆர் ஆகிவிடும். உண்மையில் 4.047 ஆர். போனது 50 சதுர அடி. ஒரு குளியலறை போடலாம். பழைய புலப்படங்களில் எல்லைக்கோட்டின் நீளம் லிங்க் கணக்கில்தான் இருக்கும். ஐந்து லிங்க் ஒரு மீட்டர் என்பது கிட்டத்தட்ட உண்மை, சரியாகச் சொன்னால் 1.0058 மீட்டர். 500 லிங்க் வேலியை 100 மீட்டர் என்று நட்டால் 58 சென்டிமீட்டர் பக்கத்து நிலத்துக்குப் போயிருக்கும். எல்லைத் தகராறுகளில் எத்தனை பேராசையால் வந்தவை, எத்தனை வாய்க்கணக்கால் வந்தவை என்று யாராவது பிரித்துப் பார்க்க வேண்டும்.

அலகு மாற்றம் பிழையை உண்டாக்கும் என்பதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது சாட்சியாகவும் நிற்கும். இடுக்கியின் ஏலமலைக் காடுகள் எவ்வளவு பரப்பு என்பதில் நீண்ட வழக்கு நடக்கிறது. 1897-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் அறிவிக்கையை வைத்து ஒரு தரப்பு 15,720 ஏக்கர் என்கிறது. மறுதரப்பு 2,15,720 ஏக்கர் என்கிறது. முன்னால் ஒரே ஒரு '2'. இதற்கிடையே 334 சதுர மைல் என்ற எண்ணும் பேசப்படுகிறது. ஒரு சதுர மைலுக்கு 640 ஏக்கர். 334-ஐப் பெருக்கினால் 2,13,760 ஏக்கர். பெரிய எண்ணுக்கு அருகே வருகிறது, ஆனால் அதுவே அல்ல. 2,15,720-ஐ 640-ஆல் வகுத்தால் 337 சதுர மைல். ஆக 334 என்பது அந்த ஏக்கர் எண்ணிலிருந்து நேரடியாகப் பெறப்பட்டது அல்ல என்றாவது இந்தச் சின்னப் பெருக்கல் காட்டிவிடுகிறது. எது சட்டப்படி சரி என்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் அந்த மலைகளில் ஏலத்தோட்டத்தை நம்பி வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்களும், அந்தக் காட்டை நம்பியிருக்கும் ஆறுகளும் இப்படி ஓர் இலக்கத்தில் தொங்கிக்கொண்டிருப்பது சாதாரண விஷயம் அல்ல.

தண்ணீருக்கும் இதே கதை. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது. மெட்ரிக் சட்டம் வந்து பல ஆண்டு கழித்தும் அதன் மொழி டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி. மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி விட வேண்டும். சித்தூர் வயல்கள் அதை நம்பியிருக்கின்றன. சரியாக மாற்றினால் அது 20.530 கோடி கன மீட்டர். 3.28-ஐ மும்முறை பெருக்கி அந்தக் காரணியால் மாற்றினால் 20.545 கோடி வரும். வித்தியாசம் கிட்டத்தட்ட 16 கோடி லிட்டர். அணையின் நீளத்தில் 9 சென்டிமீட்டராக இருந்த அதே 084, இங்கே ஒரு சிற்றூரின் ஒரு வருடக் குடிநீராகிவிடுகிறது.

என் வேண்டுகோள் இதுதான். பழைய அளவை மாற்றி எழுதும்போது மூல எண்ணை அழிக்காதீர்கள். அதன் அலகோடும், எங்கிருந்து அளந்தது என்ற குறிப்போடும் பக்கத்திலேயே வையுங்கள். வீட்டில் தாத்தா காலத்துப் பத்திரம் இருந்தால், கோல், லிங்க், சங்கிலி என்று எழுதியிருக்கும் அந்தத் தாளைப் படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். மாற்றும்போது அடிக்கு 0.3048, லிங்க்குக்கு 0.201168, சென்ட்டுக்கு 40.4686 சதுர மீட்டர் என்ற எண்களைப் பயன்படுத்துங்கள்; கணக்கு முடிந்த பிறகு மட்டும் முழுமையாக்குங்கள். இரண்டு மாநிலங்களின் நீர்வளத் துறைகளும் தங்கள் அணைப் பட்டியல்களில் 365.85-ஐ ஒருமுறை எடுத்துப் பார்த்தால் நல்லது. திருத்துவதற்கு ஒரு பெருக்கல் போதும்.